யூனியனா, அசோசியேஷனா? இரண்டு படிவம், ஒரு சந்தா

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நோயாளிகள்) வார்டில் ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) ஆக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று எண் போட்டு எழுதித் தரச் சொல்கிறது யூனியன். நிர்வாகம் மறுக்கிறது. அடுத்தது வேலைநிறுத்த வாக்கெடுப்பு.

இதற்கு நடுவில் மாநிலச் செவிலியர் அசோசியேஷன் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய கடிதம் ஒன்று வார்டில் கைமாறிக்கொண்டிருக்கிறது. நோயாளியின் நிலையைப் பார்த்து அந்தந்த வார்டு நர்ஸ்களே ஆள் பலத்தை முடிவு செய்ய வேண்டும், இறுகிய எண் சரிவராது என்பது அதன் சாரம். நிர்வாகம் அதை நகலெடுத்து அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிட்டது.

என்னிடம் இரண்டு விண்ணப்பப் படிவமும் இருக்கின்றன. இரண்டுக்கும் பணம் கட்ட இப்போதைக்கு வசதியில்லை. இரண்டும் நர்ஸ்கள் நடத்துவதுதானே, பிறகு ஏன் இப்படி முட்டிக்கொள்கிறார்கள்? எதில் சேரலாம்? சண்டை போடாமல் சொல்லுங்கள்.

இரவுப்பறவை

சண்டை போடாமல் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

நான் கலிபோர்னியாவில் டெலிமெட்ரி (இதயத்துடிப்பைத் திரையில் கண்காணிக்கும் வார்டு), நைட் டூட்டி. யூனியன் ஸ்டூவர்டும், அதாவது வார்டில் யூனியனின் பிரதிநிதியும், நான்தான். எனக்கு நாலு நோயாளி. ஐந்தாவதாக ஒருவரை என் தலையில் கட்ட முடியாது, சட்டம் இருக்கிறது. மெட்-சர்ஜில் ஐந்து, ஐசியூவில் இரண்டு, அவசரப் பிரிவில் நாலு, ஆபரேஷன் தியேட்டரில் ஒன்றுக்கு ஒன்று. 1999-ல் சட்டம் நிறைவேறியது, 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மெட்-சர்ஜில் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைய வேண்டிய கட்டத்தை ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் தள்ளிப்போடப் பார்த்தார். போகிற இடமெல்லாம் நர்ஸ்கள் அவரை விரட்டி விரட்டிக் கோஷம் போட்டார்கள். 2005-ல் நீதிமன்றமும் அவருடைய உத்தரவைத் தள்ளிவிட்டது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கலிபோர்னியா செவிலியர் சங்கம் ஒரு காலத்தில் ஏ.என்.ஏ. என்கிற அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் மாநிலக் கிளை. 1993-ல் வார்டு நர்ஸ்கள் தேர்தலில் நின்று நிர்வாகக் குழுவைக் கைப்பற்றினார்கள். 1995-ல் ஏ.என்.ஏ.வை விட்டே வெளியேறினார்கள். சந்தாவில் பெரும்பகுதி மேலே போகிறது, வார்டில் ஆள் குறைப்பு நடக்கும்போது மேலிடம் வாய் திறப்பதில்லை என்பதுதான் கோபம். வெளியேறிய நாலே வருடத்தில் சட்டம் வந்துவிட்டது. உள்ளேயே இருந்திருந்தால் இந்நேரம் “ஆள் பலம் குறித்த கோட்பாடுகள்” என்று பளபளப்பான தாளில் ஒரு புத்தகம் வந்திருக்கும்.

உங்கள் வார்டுப் பலகையில் அந்தக் கடிதத்தை ஒட்டியது யார் என்று பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

பாடவேளை

இரவுப்பறவை, பளபளப்பான தாள் பற்றிக் கிண்டல் செய்துவிட்டுப் போகலாம். உங்கள் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆர்.என். என்ற இரண்டெழுத்து யார் வாங்கித் தந்தது? 1903-ல் வட கரோலினாவில் முதல் செவிலியர் பதிவுச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமாக அதைக் கொண்டுவரப் போராடியவை மாநில அசோசியேஷன்கள்தான். அதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு நோயாளியைத் தொடலாம். 1950-ல் நெறிமுறைத் தொகுப்பை எழுதி ஏற்றதும் ஏ.என்.ஏ. தான். நீங்கள் ஒப்பந்த மேசையில் உட்கார்ந்து “இது என் தொழில்முறை முடிவு” என்று சொல்ல முடிகிறதே, அந்த ‘தொழில்முறை’ ஒப்பந்தத்தில் பிறந்தது இல்லை.

நான் மாசசூசெட்ஸில் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், அசோசியேஷன் உறுப்பினர். 2018-ல் இங்கே நடந்ததைப் புதுவரவுக்குச் சொல்ல வேண்டும். அந்த நவம்பர் தேர்தலில் ‘கேள்வி 1’ என்று ஒரு வாக்கெடுப்பு. யூனியன் கொண்டுவந்தது. மெட்-சர்ஜில் ஒரு நர்சுக்கு நாலு நோயாளி, மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர் வரை அபராதம், ஜனவரி 1-ஆம் தேதியே நடைமுறை. தேர்தல் முடிந்து எட்டே வாரம்! அதற்குள் மாநிலம் முழுக்க நர்ஸ்களை எங்கிருந்து கொண்டுவருவது? மாநிலத்தின் சுகாதாரக் கொள்கை ஆணையம் ஆண்டுக்கு 67 கோடியே 60 லட்சம் முதல் 94 கோடியே 90 லட்சம் டாலர் வரை செலவாகும் என்று கணக்குப் போட்டது. சின்ன மருத்துவமனைகள் முதலில் மூடுவது மனநலப் பிரிவைத்தான். எங்கள் அமைப்பு அதை எதிர்த்தது. நானும் எதிர்த்து வாக்களித்தேன். பத்தில் ஏழு பேர் எதிர்த்தார்கள். இதில் வெட்கப்பட எனக்கு எதுவும் இல்லை.

இரவுப்பறவை

மேடம், வெட்கப்பட வேண்டாம். ஆனால் மேடையில் யார் பக்கத்தில் நின்றீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பணம் மருத்துவமனைகளின் கூட்டமைப்பிலிருந்து வந்தது. யூனியன் செலவழித்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிவி விளம்பரத்தில் மட்டும் நர்ஸ் உடுப்பு. அந்த விளம்பரத்தில் “நர்ஸ்களே வேண்டாம் என்கிறார்கள்” என்று நிர்வாகம் சொல்ல முடிந்தது உங்கள் அமைப்பின் பெயர் கையில் இருந்ததால்தான். அந்தப் பெயர் இல்லாமல் மருத்துவமனை முதலாளிகள் தனியாக வந்து “எண் வேண்டாம்” என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இன்னொன்று. ஆள் குறைப்பு வராது என்று அந்த மசோதாவிலேயே எழுதியிருந்தது. விகிதத்தைக் காட்டி உதவியாளர்களை, துப்புரவுப் பணியாளர்களைக் குறைக்கக் கூடாது என்று தனிப் பிரிவு. அதை யாரும் விளம்பரத்தில் காட்டவில்லை.

பாடவேளை

தவறான கூட்டாளி சரியான வாதத்தைத் தவறாக்கிவிடாது. நாளைக்கு மருத்துவமனைக் கூட்டமைப்பு கையைக் கழுவச் சொன்னால் நீங்கள் கழுவ மாட்டீர்களா?

எண் ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். ஐந்து நோயாளி என்றால் எந்த ஐந்து? நாளை வீட்டுக்குப் போகிற ஐந்து பேரும், நேற்று அறுவை முடிந்து டிரெயின் குழாய், வலிமருந்து தரும் பிசிஏ பம்பு, குழப்பத்தில் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிற முதியவர் என்று இருக்கிற ஐந்து பேரும் ஒன்றா? சட்டத்தில் ‘ஐந்து’ என்று எழுதிய அடுத்த நிமிடமே நிர்வாகத்துக்கு ஐந்து உரிமையாகிவிடுகிறது. மூன்று பேர்தான் பார்க்க முடியும் என்று வார்டு நர்ஸ் சொன்னால், “சட்டப்படி ஐந்து பார்க்கலாமே” என்பார்கள். அதனால்தான் பணி ஒதுக்கீட்டுக் குழு வேண்டும், அதில் பாதிக்குக் குறையாமல் வார்டு நர்ஸ்கள் உட்கார வேண்டும் என்று அசோசியேஷன் சொல்கிறது. டெக்சாஸ், இலினாய், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் சட்டமே அப்படித்தான்.

இரவுப்பறவை

ஒரு நர்சுக்கு ஐந்து நோயாளி என்பது ஆள் பலத்துக்குத் தரை, கூரை இல்லை. கலிபோர்னியா விதியைப் படித்துப் பாருங்கள். நோயாளியின் தீவிரத்தைக் கணக்கிட்டு அதற்கு மேல் கூடுதல் ஆள் போட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

குழு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குழு கூடும், தேநீர் வரும், பரிந்துரை எழுதுவார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமை நர்சிங் அதிகாரி. அவர் பட்ஜெட் இல்லை என்பார். அத்துடன் சரி.

கணக்குப்பார்வை

நான் நர்ஸ் இல்லை. மருத்துவமனையில் தரக் கண்காணிப்புப் பிரிவில் தரவு பார்ப்பவன். இரு பக்கமும் ஆய்வுகளைத் தொடாமலே பேசுகிறீர்கள், அதனால் வருகிறேன்.

யூனியன் எப்போதும் காட்டுவது செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கென் குழுவின் ஆய்வுகள். 2002-ல் வந்தது பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடும்போது 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. 2010-ல் கலிபோர்னியாவை நியூ ஜெர்சி, பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டார்கள். கலிபோர்னியா விகிதம் அங்கே இருந்திருந்தால் அறுவை சிகிச்சை மரணங்கள் நியூ ஜெர்சியில் 13.9, பென்சில்வேனியாவில் 10.6 சதவீதம் குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கனமான ஆய்வுகள்தான். ஆனால் இவை தொடர்பைக் காட்டுகின்றன. சட்டம் போட்டால் அதே அளவு பலன் கிடைக்கும் என்று நிரூபிக்கவில்லை.

மாசசூசெட்ஸிலேயே 2014-ல் ஐசியூவுக்கு மட்டும் ஒரு விகிதச் சட்டம் வந்தது, ஒரு நர்சுக்கு ஒன்று அல்லது இரண்டு நோயாளி. 2018-ல் வெளியான ஆய்வில் அதனால் இறப்பிலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இதை வைத்து “பார்த்தீர்களா, எண் பலிக்காது” என்று அசோசியேஷன் தரப்பு சொல்லும். அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தால் தெரியும், சட்டத்துக்கு முன்பு சராசரி 1.38 நோயாளி, பின்பு 1.28. ஆள் பலமே பெரிதாக மாறாதபோது பலன் எங்கிருந்து மாறும்?

இது யூனியனுக்குப் பிடிக்காத கணக்கு: 1984 முதல் 2004 வரை நியூயார்க் மாநிலத்தில் நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களை குரூபர், கிளைனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் சேர்ந்த நோயாளிகளிடையே மருத்துவமனை இறப்பு 18.3 சதவீதம் கூடுதல். மாற்று நர்ஸ்களை வரவழைத்த இடத்திலும் நிலைமை மேலாக இல்லை.

பாடவேளை

நன்றி. நெறிமுறைத் தொகுப்பு எழுதியவர்கள் 1950-லேயே ஏன் வேலைநிறுத்தம் வேண்டாம் என்று உறுதி எடுத்தார்கள் என்பதற்கு இது போதும்.

இரவுப்பறவை

அந்த உறுதியை 1968-ல் அவர்களே கைவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மேடம். 18 வருடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில் சம்பளமும் உயரவில்லை, ஆளும் கூடவில்லை.

கணக்குப்பார்வை சார், அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. நர்ஸ் இல்லாவிட்டால் நோயாளி சாவார் என்றுதானே அதுவும் சொல்கிறது? வேலைநிறுத்தம் நடக்கிற அந்தச் சில நாள் மட்டும் அது உண்மை, மற்ற நாட்களில் ஆறு பேருக்குப் பதில் நாலு பேர் டூட்டியில் நிற்கும்போது பொய்யா?

சட்டத்தில் நாங்கள் 10 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், 1974-லிருந்து. மற்ற தொழிலாளிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பத்து நாளில் நிர்வாகம் உண்மையாகவே நோயாளியைப் பற்றிக் கவலைப்பட்டால் பேசி முடிக்கலாம், அல்லது நோயாளிகளை வேறிடம் மாற்றலாம். பெரும்பாலும் அந்தப் பத்து நாளும் மாற்று நர்ஸ் ஏஜென்சியோடு விலை பேசுவதில் போகும்.

சார்ஜ்சிஸ்டர்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது.

நான் சார்ஜ் நர்ஸ், அந்த ஷிப்டில் வார்டில் யாருக்கு எந்த நோயாளி என்று பிரித்துக் கொடுப்பவள். இரவு மூன்று மணிக்கு மருத்துவமனை முழுவதையும் பார்த்துக்கொள்கிற ஹவுஸ் சூப்பர்வைசர் போன் செய்வார். “உன் வார்டில் 24 பேர், கிரிட்படி உனக்கு ஒரு நர்ஸ் அதிகம், அவளைக் கீழே அனுப்பு.” கிரிட் என்பது இத்தனை நோயாளிக்கு இத்தனை நர்ஸ் என்று நிர்வாகம் போட்ட அட்டவணை. அந்தத் தாளில் 24 என்றுதான் இருக்கும். 9-ஆம் அறையில் ரத்தம் ஏறிக்கொண்டிருப்பதும் 12-ஆம் அறையில் ஒருவர் மூச்சுக்குத் தவிப்பதும் அந்தத் தாளில் வராது. நான் முடியாது என்றால் காலையில் மேனேஜர் அறைக்குப் போக வேண்டும். சரி என்றால், என் சக நர்ஸ் ஒரு படிவம் எடுத்து, “இந்தப் பணி ஒதுக்கீடு பாதுகாப்பற்றது, ஆட்சேபத்தோடு ஏற்கிறேன்” என்று எழுதி என்னிடமே நீட்டுவாள். மூன்று நகல். ஒன்று மேனேஜருக்கு, ஒன்று யூனியனுக்கு, ஒன்று அவளுக்கு. பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். என் மேலேயே புகார், நானே வாங்கிக்கொள்கிறேன். நானும் யூனியன் உறுப்பினர்தான்!

அதிலும் பாருங்கள், 2006-ல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் ஓக்வுட் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. நிரந்தரமாக சார்ஜ் வேலை பார்க்கிற நர்ஸ்கள் சட்டப்படி மேற்பார்வையாளர்கள் ஆகலாம். ஆகிவிட்டால் யூனியனில் இருக்கும் பாதுகாப்பு போய்விடும். யாருக்கு எந்த நோயாளி என்று பலகையில் எழுதுவதால் நான் முதலாளி ஆகிவிட்டேனாம். அதே வாரியம் 1979-ல் சியரா விஸ்டா வழக்கில் கலிபோர்னியா செவிலியர் சங்கத்தைப் பற்றியே பேசியது. மேற்பார்வையாளர்களும் உறுப்பினர்களாக இருக்கிற சங்கம் வார்டு நர்சுக்காகப் பேரம் பேசலாமா என்பதுதான் விவகாரம். அவர்கள் இருப்பதாலேயே தகுதி போகாது, நலன்கள் மோதும் ஆபத்து வெளிப்படையாக இருந்தால்தான் போகும் என்றார்கள்.

எனக்கு இந்தச் சண்டை முழுக்க அந்த ஒரு கேள்விதான். கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் தலைமை நர்சிங் அதிகாரி உட்காரலாமா? அசோசியேஷனில் உட்காரலாம். அவரும் நர்ஸ், நானும் நர்ஸ், ஒரே குடும்பம். நெறிமுறை, கல்வி, உரிமம் பற்றிப் பேசும்போது அது அழகுதான், ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்கிறோம். ஆள் பலம் என்று வந்தவுடன் என் வாய் மூடிக்கொள்ளும். அவர்தானே மூன்று மணிக்கு என்னைக் கூப்பிடச் சொல்கிறவர்.

பாடவேளை

சார்ஜ்சிஸ்டர், நீங்கள் சொன்னதை நான் கவனமாகப் படித்தேன். ஆனால் மேனேஜரை வெளியே நிறுத்திவிட்டால் அவர் நர்ஸ் என்பதையே மறந்துவிடுவார். பட்ஜெட் கூட்டத்தில் நிதி அதிகாரிகளுக்கு நடுவே உட்காரும் ஒரே நர்ஸ் அவர்தான். அவரை நம் ஆளாக வைத்திருப்பதா, எதிரியாக்குவதா? ஒரு தொழில் என்றால் அதில் படுக்கை அருகே நிற்பவர், பாடம் நடத்துபவர், ஆராய்ச்சி செய்பவர், நிர்வாகம் செய்பவர் எல்லோரும்தான். டாக்டர்கள் சங்கத்தில் துறைத் தலைவரை வெளியே போகச் சொல்கிறார்களா?

இரவுப்பறவை

அவர் நம் ஆளாக இருந்து எத்தனை முறை பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து பேசினார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பணம் வரும் வழியையும் பார்ப்போம். செவிலியர் பணித் தரத்துக்கான மேக்னட் அங்கீகாரம் என்று மருத்துவமனை வாசலில் பேனர் கட்டுகிறார்களே, 1994-ல் முதல் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள், அதைத் தருவது ஏ.என்.ஏ.வின் துணை அமைப்பு. விண்ணப்பக் கட்டணம் கட்டுவது மருத்துவமனை. எந்த நிர்வாகத்திடம் கட்டணம் வாங்குகிறோமோ அதே நிர்வாகத்தை எதிர்த்து எப்படிக் குரல் உயரும்?

பாடவேளை

மேக்னட் மருத்துவமனைகளில் நர்ஸ்கள் வேலையை விட்டுப் போவது குறைவு, ஆள் பலமும் மேல். அந்த எண்ணமே வந்தது, பற்றாக்குறைக் காலத்திலும் நர்ஸ்கள் விலகாமல் நின்ற மருத்துவமனைகளில் என்ன இருக்கிறது என்று 1980-களில் தேடியதிலிருந்துதான். கட்டணம் வாங்குவதால் தரம் பொய்யாகிவிடாது. பல்கலைக்கழகமும் தேர்வுக்கட்டணம் வாங்குகிறது.

யூனியன்காரர்கள் சொல்ல மறக்கிற ஒன்று. 2022-ல் ஏ.என்.ஏ.வின் உறுப்பினர் பேரவையே கட்டாயப்படுத்தக்கூடிய குறைந்தபட்ச விகிதத்தை ஆதரிப்பதாகத் தீர்மானித்தது. நாங்கள் கல்லில் எழுதி வைத்திருக்கவில்லை.

இரவுப்பறவை

1999 எங்கே, 2022 எங்கே! 23 வருடம் மேடம். நடுவில் உங்கள் மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பைத் தோற்கடித்துவிட்டு.

பாடவேளை

தோற்கடித்தது வாக்காளர்கள். நான் மறுபடியும் அதே மசோதா, அதே எட்டு வாரக் கெடுவோடு வந்தால் மறுபடியும் எதிர்ப்பேன். 2023-ல் ஓரிகன் செய்ததைப் பாருங்கள். அங்கே விகிதமும் சட்டத்தில் இருக்கிறது, மருத்துவமனைக் குழுவும் இருக்கிறது, அமலாக்கத்துக்குப் போதிய அவகாசமும் கொடுத்தார்கள். நர்ஸ்கள், நிர்வாகங்கள் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதியது.

சார்ஜ்சிஸ்டர்

மேடம், ஓரிகனைக் காட்டுகிறீர்கள். அங்கே பேசிய சங்கம் யூனியன் வேலையையும் அசோசியேஷன் வேலையையும் ஒன்றாகப் பார்க்கிற சங்கம், வேலைநிறுத்தம் செய்யவும் தயங்காதது. பேச்சுவார்த்தை மேசைக்கு நிர்வாகம் சும்மா வரவில்லை.

ஒரே அமைப்பில் இரண்டும் முடியும் என்பதற்கு வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் செவிலியர் சங்கமே யூனியனும், தொழில்முறை அமைப்பும். 2000-ல் விகிதத்தை வாங்கினார்கள், 2015-ல் சட்டமாக்கினார்கள். பிரிட்டனில் ஆர்.சி.என். என்கிற ராயல் செவிலியர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, அது செவிலியர் அமைப்பு) 1995 வரை வேலைநிறுத்தம் கூடாது என்று தன் விதியிலேயே வைத்திருந்தது. விதியை மாற்றிய பிறகும் 2019 டிசம்பரில்தான் வட அயர்லாந்தில் முதல் வேலைநிறுத்தம். 2022 டிசம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறங்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய கல்லூரி அது.

கணக்குப்பார்வை

அமெரிக்காவிலும் அப்படி ஒரு முயற்சி நடந்ததே. ஏ.என்.ஏ. 1999-ல் தனக்கென்று ஒரு யூனியன் பிரிவை உருவாக்கியது. ‘ஐக்கிய அமெரிக்கச் செவிலியர்கள்’ என்று பெயர். அந்தப் பிரிவு 2009-ல் யாரோடு போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஏ.என்.ஏ.வை விட்டுப் போன கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் சங்கங்களோடு. மூன்றும் சேர்ந்ததுதான் தேசியச் செவிலியர் ஐக்கியம், இன்றைக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய செவிலியர் யூனியன். வீட்டுப் பிள்ளையே சம்பந்தி வீட்டுக்குக் குடிபோன கதை.

பாடவேளை

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிந்த பிறகு அந்த மாநிலங்களில் கல்விக்கும் உரிமத்துக்கும் குரல் கொடுக்க நாங்கள் மறுபடி முதலிலிருந்து அமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸில் 2001-ல் சங்கம் வெளியேறியபோது அதுதான் நடந்தது. அந்த இழப்பு உங்கள் கணக்கில் வராது. 2000-ல் ஊசிக்குத்துப் பாதுகாப்புச் சட்டத்துக்காக யூனியன்களும் ஏ.என்.ஏ.வும் ஒரே மேடையில் நின்றன. இன்று ரத்தம் எடுத்தவுடன் ஊசி தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறதே, அது அந்தச் சட்டத்தால் எங்கும் பரவியது. இப்போது அப்படி ஒரு சட்டம் வேண்டுமென்றால் ஆளுக்கொரு பக்கம் கடிதம் எழுதுவோம்.

இரவுப்பறவை

ஊசி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஊசிக்கு எதிராக நிர்வாகத்தின் லாபம் பெரிதாக இல்லை, அதனால் சேர முடிந்தது. ஆள் பலம்தான் மருத்துவமனையின் பெரிய செலவு. அங்கே வரும்போதுதான் கூட்டணி உடைகிறது, ஒவ்வொரு முறையும்.

தம்பி, ஒப்பந்தத்தில் எண் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு உதாரணம். 2023 ஜனவரியில் நியூயார்க்கில் மவுண்ட் சினாய், மான்டிஃபியோர் மருத்துவமனைகளில் சுமார் 7,000 நர்ஸ்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது முக்கியமாக ஆள் பலமும், மீறினால் நடுவரிடம் போகும் உரிமையும். அதே ஆண்டு மவுண்ட் சினாயின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆள் குறைவாக ஓட்டியதற்காக, அந்த வார்டு நர்ஸ்களுக்கு ஒரு லட்சத்து 27 ஆயிரம் டாலர் தரச் சொல்லி நடுவர் தீர்ப்பளித்தார். எந்தக் குழுவின் பரிந்துரைக்கு இந்தப் பல் இருக்கிறது?

கணக்குப்பார்வை

நியாயத்துக்காக மறுபக்கமும் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் ஊஸ்டர் நகரின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் அதே ஆள் பல விவகாரத்துக்காக 2021 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் 301 நாள் நீடித்தது. மூன்று நாளில் முடியும் என்று எண்ணி யாரும் வாக்களிக்க வேண்டாம். வாடகை, காப்பீடு எல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் புதுவரவு.

புதுவரவு

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பாடவேளை மேடம், கடிதத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன? எழுதியது உங்களைப் போன்ற ஆசிரியர்களா, வேறு யாராவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பாடவேளை

உங்கள் மாநிலத்துக் கடிதம் பற்றி நான் சொல்ல முடியாது. அசோசியேஷன் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், குழு உறுப்பினர் பட்டியலையும் கேளுங்கள். நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதியிருந்தால் நீங்கள் உறுப்பினராகி எதிர்த்துப் பேசலாம், அதற்காகவாவது சேருங்கள். வெளியே நின்று குறை சொல்வதால் அந்தக் குழு மாறாது.

சார்ஜ்சிஸ்டர்

புதுவரவு, சேர்வதற்கு முன்பு ஒன்று பாருங்கள். உங்கள் மருத்துவமனைக்கும் யூனியனுக்கும் நடப்பில் இருக்கிற ஒப்பந்தத்தில், வேலைக்குச் சேர்ந்து குறிப்பிட்ட நாளுக்குள் சந்தாவோ அதற்கு ஈடான கட்டணமோ கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கலாம். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அப்படி வற்புறுத்தச் சட்டம் இடம் தராது, மற்றவற்றில் தரும். இருந்தால் பணம் எப்படியும் பிடிப்பார்கள். பிறகு உங்கள் கேள்வியே வேறு. உறுப்பினராகக் கையெழுத்துப் போட்டால் வாக்கு உண்டு, வெறும் கட்டணம் கட்டினால் பெரும்பாலும் வாக்கு இல்லை.

புதுவரவு

பார்த்துவிட்டேன். இருக்கிறது, அதுவும் சம்பளப் பட்டியலுக்கு முன்னாலேயே. பணம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், சம்பளச் சீட்டில் அந்த வரி என்னவென்று நான் கேட்டதே இல்லை. அப்படியானால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். வாக்கெடுப்பு அடுத்த வாரம்.

இரவுப்பறவை

போட்டு, தேதி எழுதி, உங்கள் ஸ்டூவர்ட் கையில் நேரில் கொடுங்கள். மெயில் பெட்டியில் போடாதீர்கள். வாக்களிக்கும் பட்டியல் அச்சாவதற்கு முன் பெயர் ஏற வேண்டும்.

பாடவேளை

போட்ட பிறகு என்ன வாக்களிப்பது என்று அவர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. இறுதிக் கட்டத்தில் நிர்வாகம் கொடுத்த எழுத்துப்பூர்வ முன்மொழிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், யூனியனின் சுருக்கத்தை இல்லை. பிடிக்கவில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று குத்துங்கள், அதுவும் உறுப்பினரின் உரிமைதான்.

இரவுப்பறவை

படியுங்கள். ஆள் பலம் என்ற தலைப்பின் கீழ் ஏதாவது எண் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.